டிவைஸ் பெயர் தெரிந்தால் இங்கிலீஷ் வந்துவிடுமா?

டியூஷன் எடுக்கிற ஒரு தம்பி, ஆங்கில டிவைஸ் (நம் அணி மாதிரி, எழுத்தில் கையாளும் உத்தி) பெயர்களை எல்லாம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய ஓர் அட்டவணையாகப் போட்டார், அதைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டேன். அந்த விவகாரம் பெற்றோர் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். குழுவில் இல்லாதவர்களுக்கும் இந்நேரம் ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும், நம்மவர்களைத் தெரியாதா. அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. நான் கேட்டது ஒரே கேள்விதான். அனாஃபராவில் (அடுத்தடுத்த வரிகளை ஒரே சொல்லில் தொடங்குவது) ஆரம்பித்து வாயில் நுழையாத கிரேக்கப் பெயர்கள் வரை இத்தனையையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்தால், ஏபி லாங் (அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கல்லூரித் தரத்து ஆங்கிலப் பரீட்சை) பரீட்சையில் அதற்கு எந்த இடத்தில் மார்க் விழும்?

இதில் என்ன திமிர் இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வந்த பதில், "தமிழ் மீடியம் படிச்சவங்க எல்லாம் இங்கிலீஷ் எக்ஸாமுக்கு அட்வைஸ் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க." கூடவே ஒரு சிரிப்பு பொம்மை. அதற்கு லைக் போட்டவர்களில் இருவர், சனிக்கிழமைகளில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தங்கள் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுப் போனவர்கள். கொஞ்ச நேரத்தில் என் கேள்வியே காணாமல் போனது, பொம்மை மட்டும் அங்கேயே இருக்கிறது. சரி, இருக்கட்டும்.

குழுவில் சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். பெயரைச் சொன்னதற்கு மார்க் கிடையாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பழைய 9 மார்க் முறையை எடுத்துவிட்டு 2019-20 கல்வியாண்டில் கொண்டுவந்த ரூப்ரிக் (மார்க் போடும் விதிமுறை), பரீட்சை நடத்தும் காலேஜ் போர்டின் தளத்திலேயே இலவசமாகக் கிடக்கிறது. ஒரு கட்டுரைக்கு 6. தீசிஸுக்கு (மைய வாதத்துக்கு) 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் சேர்த்து 4, சோஃபிஸ்டிகேஷன் என்று ஒரு 1. சான்றை எடுத்துப் போட்டுவிட்டு, அது எழுதியவரின் நோக்கத்துக்கு எப்படி உதவுகிறது என்று விளக்காமல் விட்டால் அந்த 4-இல் கீழ்ப்படியிலேயே நிற்க வேண்டியதுதான். அந்தக் கடைசி ஒரு மார்க்கும் பெரிய பெரிய வார்த்தை போடுவதற்கானது இல்லை. விஷயத்தின் சிக்கலைப் பார்த்திருக்கிறாயா என்பதற்கானது. மூன்று கட்டுரைகளும் சேர்ந்தால் மொத்தத்தில் 55 சதவீதம். அட்டவணை தயாரித்த அந்தத் தம்பி இதை ஒருமுறை படித்திருக்கலாம். கட்டணம் வாங்குகிறவர், நேரம் இருந்திருக்காது.

போன வாரம் ஒரு பையன் கட்டுரை கொண்டுவந்தான். நல்ல பையன், நன்றாகப் படிக்கிறவன். 2019 பரீட்சையில் வந்த இரண்டாம் கேள்வி. உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முன்னால் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தின் கடைசிப் பகுதியைக் கொடுத்து, தன் பக்கத்தை அவர் எப்படி முன்வைக்கிறார் என்று அலசச் சொல்லியிருப்பார்கள். இவன் எழுதிய முதல் வரி: "காந்தி டிக்‌ஷன், சின்டாக்ஸ், டோன் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறார்." சொல்தேர்வு, வாக்கிய அமைப்பு, தொனியாம். ஏம்ப்பா, வார்த்தையும் வாக்கியமும் இல்லாமல் யாராவது கடிதம் எழுத முடியுமா? நோயாளிக்கு எலும்பு இருக்கிறது என்று டாக்டர் ரிப்போர்ட் கொடுத்த மாதிரி இருந்தது. அடுத்த பத்தியில் பேரலலிசம் (ஒரே அமைப்பில் வாக்கியங்களை அடுக்குவது), அதற்கடுத்து எதோஸ் (பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை). பெயர்கள் எல்லாம் சரிதான், தப்பில்லை. கடிதத்தைத்தான் காணோம்.

பேனாவை வாங்கி வைத்துவிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். கடைசியில் ஓர் இடம் வரும். இது மிரட்டல் இல்லை, சட்டமறுப்பில் இறங்குகிறவனுக்கு உரிய கடமை என்று சொல்லிவிட்டு, இந்திய நியாயத்தில் நம்பிக்கை உள்ள ஓர் இளம் ஆங்கிலேய நண்பர் கையிலேயே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன் என்கிறார் காந்தி. தபாலில் போட்டிருக்கலாமே, ஏன் ஓர் ஆங்கிலேயர், அதைக் கடிதத்துக்குள் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். பையன் யோசித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க ஆளுங்கள்லயே ஒருத்தர் என் பக்கம் இருக்கார்னு காட்டறாரா ஆன்ட்டி?" என்றான். அவ்வளவுதான். அட்டவணையில் இதற்கு எந்தக் கட்டமும் இல்லை, ஆனால் மார்க் அங்கேதான் இருக்கிறது. யார், யாரிடம், எந்த நேரத்தில், எதை நினைத்து இப்படிச் சொன்னார்? ரெட்டரிக், அதாவது சொல்லால் இணங்க வைக்கும் கலை, என்றால் இந்தக் கேள்விதான். அரிஸ்டாட்டில் எதோஸ், பேதோஸ் (உணர்ச்சி), லோகோஸ் (தர்க்கம்) என்று பிரித்ததும் கேட்பவரை எது அசைக்கும் என்று பார்க்கத்தான். பிளாஷ் கார்டு போடுவதற்கு இல்லை.

தமிழ் மீடியம் என்றார்களே, அதையும் பேசிவிடலாம். ஆமாம், தமிழ் மீடியம்தான். அணி இலக்கணம் படித்தவள். அணி விளக்கம், சான்று, பொருத்தம் என்று வரிசையாக எழுதினால் முழு மார்க். தற்குறிப்பேற்றணிக்குக் கோவலன் மதுரைக்குள் நுழைகிற இடம் வரும். மதில் கொடிகள் காற்றில் அசைகின்றன, உள்ளே வராதே என்று கைகாட்டித் தடுப்பது போல. இயல்பாக நடப்பதன் மேல் புலவர் தன் குறிப்பை ஏற்றுகிறார் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். கோவலன் உள்ளே போனால் சாவான் என்று இளங்கோவுக்குத் தெரியும், படிக்கிற நமக்குத் தெரியும், கொடிக்குக்கூடத் தெரிகிறது, அவனுக்கு மட்டும் தெரியவில்லை. அதற்காகத்தான் அந்தக் கொடி அங்கே அசைகிறது என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை. கல்யாணம் ஆகி இத்தனை தூரம் வந்த பிறகு, ஒரு ராத்திரி தூக்கம் வராமல் எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது. பெயர் மட்டும் தெரிந்திருந்தால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தப் பொம்மை போட்டவருக்குத் தெரியாது.

இங்கே ஒருவர் வருவார். "அப்போ கிராமர் வேண்டாமா, டிவைஸே வேண்டாமா?" நான் எங்கே அப்படிச் சொன்னேன்? கிராமர் வேண்டும், அட்டவணைக்காரர்கள் நினைப்பதைவிட அதிகமாகவே வேண்டும். எதிராளி சொல்வதைத் துணை வாக்கியத்தில் போட்டுவிட்டு, தான் சொல்ல வந்ததை முதன்மை வாக்கியத்தில் வைப்பது வெறும் இலக்கணமா? "செலவு அதிகம் என்பது உண்மைதான் என்றாலும், இது இல்லாமல் ஊர் நடக்காது" என்று எழுதினால் ஒரு பக்கம் சாய்கிறது. திருப்பிப் போட்டால் மறுபக்கம் சாய்கிறது. வாதத்தின் எடையே அங்கேதான் தீர்மானமாகிறது. அதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கமாவையும் செமிகோலனையும் தாங்களாகவே கவனிக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் 45 அப்ஜெக்டிவ் கேள்விகள் வருகின்றனவே, அதிலும் ஏறக்குறைய பாதி, இந்த வாக்கியத்தை எப்படி மாற்றினால், எங்கே வைத்தால் வாதம் வலுக்கும் என்கிற ரகம்தான்.

"பயந்த பிள்ளைகளுக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா?" என்றும் ஒரு அம்மா இன்பாக்ஸில் கேட்டார். அது நியாயமான கேள்வி. பத்துப் பதினைந்து பெயர் தெரிந்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும், ஒத்துக்கொள்கிறேன். "நீங்கள் ஆங்கில ஆசிரியரா?" என்று கேட்டவருக்கு மட்டும் பதில் சொல்லப்போவதில்லை. இது கேள்வி இல்லை. சொன்னதை விட்டுவிட்டுச் சொன்னவளைத் தாக்குவதற்கு உங்கள் அட்டவணையிலேயே ஒரு பெயர் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் என்னைக் குடைவது அட்டவணை இல்லை. இதே குழுவில் இருக்கிற ஒரு வீட்டுப் பெண், பதினாறு வயது, பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். "நீங்க ஏன் பயப்படறீங்கன்னு புரியுதும்மா" என்று ஆரம்பித்தாள். கூட வரும் ஆசிரியர்கள் யார் என்று சொன்னாள், எப்போதெல்லாம் போன் செய்வாள் என்று சொன்னாள், போன தடவை சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்ததை ஞாபகப்படுத்தினாள். எதிர்த்தரப்பை மதித்து, சான்று வைத்து, குரலை உயர்த்தாமல். பரீட்சைத்தாளில் எழுதியிருந்தால் அள்ளிக் கொடுத்திருப்பார்கள். வீட்டில் கிடைத்தது, "ரொம்ப வாயாடாத, எதிர்த்துப் பேசற பழக்கம் எங்கேருந்து வந்துச்சு?" எங்கிருந்து வந்தது என்றால், நீங்கள் காசு கட்டிச் சேர்த்த ஆர்க்யுமென்ட் வகுப்பிலிருந்து வந்தது.

பிள்ளை வாதாட வேண்டும், ஆனால் 40 நிமிடத்துக்குள், மே மாதத்தில், முன்பின் தெரியாத யாரோ ஒருவரிடம் மட்டும். நம்மிடம் கூடாது. சாப்பாட்டு மேசையில் வாயை மூடச் சொல்லிவிட்டு, கட்டுரையில் குரலே இல்லையே என்று அந்த அம்மா என்னிடமே வருத்தப்பட்டார். அந்த வைஸ்ராயிடம் நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல் வாங்குகிறீர்கள், இந்தியனின் சராசரி வருமானம் 2 அணாகூட இல்லை என்று அதே கடிதத்தின் முற்பகுதியில் எழுதிவிட்டு, உங்கள் மனதைப் புண்படுத்துவது என் நோக்கம் இல்லை என்றும் எழுதினார் காந்தி. அதை நம் வீட்டில் யாராவது எழுதியிருந்தால் போனைப் பிடுங்கி வைத்திருப்போம். குழுவில் நான் கேட்ட ஒற்றை வரிக் கேள்வியைப் பெரியவர்கள் எல்லாம் சேர்ந்து அழித்தார்களே, பிள்ளைகள் அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கடிதம் எங்கே கிடைக்கும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2019 கேள்வித்தாளைக் காலேஜ் போர்டே வெளியிட்டது. முழுக் கடிதத்தின் தேதி 2 மார்ச் 1930, தேடினால் வரும். சனிக்கிழமை வழக்கம்போல வீடு திறந்திருக்கும், லைக் போட்டவர்களின் பிள்ளைகளும் வரலாம், அவர்கள் என்ன செய்தார்கள். குழுவில் மறுபடி சேரச் சொல்லி லிங்க் அனுப்ப வேண்டாம்.