மஞ்சள் எச்சரிக்கை என்றால் புயலா?
"கடலூருக்கு மஞ்சள் அலர்ட் விட்டாச்சு, தானே புயல் மாதிரியே ஒண்ணு வருது" என்று ஒரு ஆடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. வானிலை மையத்தின் மஞ்சள் நிறத்துக்கு 'கவனமாக இருங்கள்' என்பதுதான் பொருள். இடிமழைக்கும் அதைத் தருவார்கள். 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே, கடலில் நாள்கணக்கில் திரண்டு வந்த புயல். இந்த மஞ்சள் அலர்ட்டுக்குக் காரணமான சித்திரை மழை அப்படியல்ல. பகலெல்லாம் தரை கொதிக்கும், கடல்காற்று உள்ளே புகுந்து மேற்குக் காற்றோடு மோதும், சாயங்காலம் பண்ருட்டிப் பக்கம் வானம் கருக்கும். கொஞ்ச நேரம் கொட்டும், முருங்கைக் கிளை முறியும், கரண்ட் போகும். புயல் என்றால் கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். இப்போது பயப்பட வேண்டியது மின்னலுக்கு: இடி கேட்டதும் முந்திரி மரத்தடியில் ஒதுங்காமல் வீட்டுக்குள் போய்விடுங்கள்.