முகம் பார்க்க எனக்கு அலுமாரி எதற்கு?

அம்மம்மாவின் பழைய அலுமாரியைத் திருத்தப் பொலிஷ் கடையில் கொடுத்தேன். கதவுப் பிணைச்சல் இரண்டை மாற்ற வேண்டும், இடப்பக்கக் கதவு கொஞ்சம் ஆடுகிறது, அதை இறுக்க வேண்டும். நான் சொன்னது இவ்வளவுதான். மறந்துவிடுவார்கள் என்று துண்டில் எழுதியும் கொடுத்தேன். கிழமைக்கணக்காக இழுத்தடித்துவிட்டு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். எண்ணெய் தடவின கத்தரிக்காய் நிறத்தில் ஒரு சாமான் முற்றத்தில் நிற்கிறது. வேறு யாருடையதையோ மாறிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, பொலிஷ் வேலையும் சேத்துச் செய்திருக்கிறன், பாத்துப் போட்டுத் தாங்கோ. இப்ப முகமே பாக்கலாம்."

முகம் பார்க்க எனக்கு அலுமாரி எதற்கு, தம்பி? வீட்டில் கண்ணாடி இருக்கிறது.

அது முதிரை மரத்து அலுமாரி. அம்மம்மாவின் கலியாணத்துக்கு ஒட்டுசுட்டான் பக்கத்துத் தச்சர் ஒருவர் வீட்டு முற்றத்திலேயே தங்கியிருந்து செய்தது. 2008 கடைசியில் சண்டை நெருங்கி எல்லாரும் அகப்பட்டதை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புப் பக்கம் ஓடியபோது இதை ஏற்ற ஏலவில்லை. அவ்வளவு பாரம். 2010இல் திரும்பிப் போக விட்டபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் நிலைகள்கூட இல்லை. அலுமாரி மட்டும் நின்றது. தூக்கிப் பார்த்துவிட்டுக் கள்ளனே வேண்டாமென்று விட்டுவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு மாரி மழையில் நனைந்தும் கறையான் பின்பலகையைத்தான் தின்றது, முதிரையை விட்டுவிட்டது. சண்டை, மழை, கறையான், கள்ளன் எல்லாவற்றுக்கும் தப்பின அலுமாரியை ஒரு சாண்டர் மெசின் ஒரு பின்னேரத்துக்குள் முடித்துவிட்டது.

முதிரை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். (தெரியாதவர்கள் இருப்பது குற்றமில்லை. தெரியாதவர்கள் வன்னியில் பொலிஷ் கடை வைத்திருப்பதுதான் வயிற்றெரிச்சல்.) அரிந்த புதிதில் வெளிர் மஞ்சளாக இருக்கும். வருடம் போகப் போகத் தேன் நிறத்துக்கு வரும். அதன் நார் ஒரு படை ஒரு பக்கமும் அடுத்த படை மறுபக்கமுமாகச் சாய்ந்து வளர்வதால் பலகையில் வெளிச்சம் படும்போது பட்டை பட்டையாக மினுங்கும். ஆள் நகர்ந்தால் மினுக்கமும் கூடவே இடம் மாறும். பிரித்தானியர் காலத்தில் இதைத் தேடித் தேடி வெட்டிக் கப்பலேற்றியது அந்த அழகுக்காகத்தான். அதன் தலையில் 'வோல்நட்' சாயத்தை ஊற்றினால் என்ன மிஞ்சும்? மஞ்சளும் இல்லை, பட்டையும் இல்லை. ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி அடித்து அதே சாயத்தைப் பூசினாலும் இதே தோற்றம் வந்திருக்கும்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால், "தேக்கெண்டு நினைச்சன் அக்கா" என்கிறான்.

தேக்கு! இங்கே பழசாக இருக்கிற எந்த மரச்சாமானும் தேக்குத்தான். கதிரை தேக்கு, கட்டில் தேக்கு, கோவில் வாகனம் வைத்த பலகையும் தேக்கு. தேக்கென்றே வைத்துக்கொள்வோம், தேக்கின் மேலும் எதற்கு வோல்நட் சாயம்? அதை விடுங்கள். என்ன மரமென்று பார்க்க ஒரு லாச்சியை (இழுப்பறையை)க் கழற்றிக் கவிழ்த்தால் போதுமே. வெயிலும் கையும் படாத அடிப்பக்கத்தில் மரம் தன் நிறத்தைக் காட்டும். கையில் தூக்கிப் பார். நன்றாகக் காய்ந்த தேக்கு ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 650 கிலோ வரும், முதிரை 900ஐத் தாண்டும். இந்த வித்தியாசத்துக்குத் தராசு தேவையில்லை. தேக்கின் வெட்டுமுகத்தில் வளையமும் அதையொட்டிய துளை வரிசையும் வெறும் கண்ணுக்கே தெரியும், தொட்டால் ஒரு பிசுக்கு, முகர்ந்தால் பழைய தோலின் மணம். முதிரையின் துளைகள் அவ்வளவு பொடிசு, உருப்பெருக்கும் கண்ணாடி வேண்டும். பலாவும் மஞ்சளில் தொடங்கி மண்ணிறமாக முற்றுகிற மரம், அதையும் முதிரையையும் ஒருவர் குழப்பினால் மன்னிக்கலாம், ஆனால் பலாவுக்கு இந்தப் பாரம் இல்லை. வேம்பு சிவந்தது. பாலை தண்ணீரில் தாழும், அதைத் தூணுக்கும் கூரை வளைக்கும் றெயில் பாதைச் சிலிப்பர் கட்டைக்கும் எடுத்தார்களே தவிர அலுமாரிக்கு உளி வைத்தவர் குறைவு.

சரி, இவ்வளவும் வேண்டாம். தேய்த்த பொடியனுக்கு இரண்டு கையும் அரிப்பெடுத்துத் தடித்துப்போய் ஆஸ்பத்திரிக்குப் போனானாம். அதை எனக்கே கதையாகச் சொல்கிறார்கள். முதிரைத் தூள் பலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது என்பது மரக்காலையில் நிற்கிற யாருக்கும் தெரியும். அப்போதாவது மெசினை நிறுத்தி, இது என்ன மரம் என்று ஒருதரம் யோசிக்கக் கூடாதா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது, வானில் வந்து படலையில் நின்று கூப்பிடுகிற பழைய சாமான் வியாபாரிகள். நம்முடைய முற்றத்தில் நிற்கும்வரை கதிரை "உளுத்துப் போச்சு அம்மா, விறகுக்குத்தான் ஆகும்". இரண்டு பிளாஸ்டிக் கதிரையைத் தந்துவிட்டு அதை வானில் ஏற்றிவிட்டால், வவுனியா தாண்டுவதற்குள் அது ஒல்லாந்தர் காலத்துச் சாமான் ஆகிவிடும். ஒல்லாந்தர் இந்தக் கரையை ஆண்டது 1658 முதல் 1796 வரை. ஏ9 வீதியில் ஒரு கடையில் எனக்குக் காட்டின 'ஒல்லாந்தர் கதிரை'யின் அடியில் பிலிப்ஸ் எனப்படும் நட்சத்திரத் தலைத் திருகாணி இருந்தது. அந்தத் திருகாணி 1930களில்தான் விற்பனைக்கு வந்தது. பிறகு யாரும் பழுதுபார்க்கும்போது போட்டிருக்கலாம் என்றார் கடைக்காரர். போடலாம். அப்படியானால் பக்கத்தில் பழைய ஆணியின் துளை எங்கே, அடைத்த தடம் எங்கே? சட்டத்தின் உட்பக்கத்தில் வில்லாக வளைந்த வாள் தடம், அது வட்டவாள் அரிந்தது. வட்டவாள் பரவினது 19ஆம் நூற்றாண்டில். இருக்கையில் பிரம்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் நார், அதையும் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துப் பழசாக்கியிருக்கிறார்கள்.

அதற்காகக் கைவாள் தடம் கண்டவுடன் ஒல்லாந்தர் என்று குதிக்கவும் ஏலாது. இந்தப் பக்கம் கிடங்கு வெட்டி மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று மரம் அரிந்தது வெகு காலம் தொடர்ந்தது. லாச்சி மூலையில் பல்லோடு பல்லு கோத்த பொருத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவாக இருந்தால் அது கைவேலை, எல்லாம் அச்சொட்டாக ஒரே அளவென்றால் பெரும்பாலும் மெசின் வேலை. வட்ட மேசையென்றால் நாரின் போக்கிலும் குறுக்கிலும் நாடாவால் அளக்க வேண்டும். மரம் குறுக்கேதான் சுருங்கும், அதனால் பழைய ஒற்றைப்பலகை வட்டம் கொஞ்சம் நீள்வட்டமாகியிருக்கும். இப்படி ஒன்று சொன்னால் தவறலாம், நாலைந்து சேர்ந்து ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம். வியாபாரிக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும், அவர் நடிக்கிறார். நம்மவர்களுக்குத் தெரியாததால் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு "நல்ல விலைக்குக் குடுத்தன்" என்கிறார்கள்.

என் அலுமாரிக்கு வருகிறேன். அதில் இருந்தது பழைய அரக்குப் பொலிஷ். அவல் மாதிரிச் செதிலாக வரும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தில் தோய்த்து, மெல்லிசாகப் படை படையாகத் தேய்த்து ஏற்றுவது. அது அரக்குத்தானா என்று பார்க்கக் கதவின் உள்மூலையில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வைத்தால் போதும். இளகி ஒட்டினால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் வார்னிஷோ பொலியூரிதேனோ. ஒரு நிமிட வேலை. அரக்கில் உள்ள வசதியே, மேலே புதிதாகத் தேய்க்கும் படை பழையதை இளக்கி அதனோடு ஒன்றாகிவிடும் என்பதுதான். மரம்வரை சுரண்டத் தேவையே இல்லை. என் அலுமாரி கறுத்திருந்தது உண்மை. அது மண்ணெண்ணெய் விளக்குப் புகையும் கையழுக்கும். டர்ப்பன்டைனில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்திருந்தால் துணியோடு வந்திருக்கும். பிறகு இரண்டு மூன்று படை அரக்கு. அதையும் மாரியில் செய்யக் கூடாது, ஈரக் காற்றில் அரக்கு வெளிறிப் பாலாடை பிடிக்கும். சோளகக் காற்று வீசுகிற காய்ந்த நாளாகப் பார்த்துச் செய்தால் முடிந்தது.

இவர்கள் என்ன செய்தார்கள்? சுற்றுகிற சாண்டர் மெசினில் கரடுமுரடான பேப்பரைப் போட்டு, நாரின் போக்கு எது என்றும் பாராமல் குறுக்கும் நெடுக்கும் ஓட்டியிருக்கிறார்கள். வட்ட வட்டக் கீறல் பக்கப் பலகை முழுக்க. அதை 120, 180, 240 என்று வரவர நுண்ணிய பேப்பரால் நாரோடு கையால் ஆற்றியெடுக்கவும் பொறுமை இல்லை. அப்படியே மேலே பொலியூரிதேனை அடித்துக் கீறல்களைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். சட்டத்தின் கூர் விளிம்பெல்லாம் மழுங்கிவிட்டது. அலுமாரியின் முடியில் இருந்த பூவேலையில் இதழ் எது காம்பு எது என்று இப்போது தெரியவில்லை. உளியின் கீற்றுப் போய்விட்டால் எந்தப் பூச்சும் அதைத் திருப்பித் தராது.

பொலியூரிதேன் நஞ்சு என்று நான் சொல்லவரவில்லை. சூட்டையும் ஸ்பிரிட்டையும் அரக்கு தாங்காது, சுடுசட்டி வைக்கிற குசினி மேசைக்கு அடியுங்கள், நானே காசு தருகிறேன். சேலை அடுக்குகிற அலுமாரியில் யார் சுடுசட்டி வைக்கப் போகிறார்கள்?

இன்னும் இருக்கிறது. கதவுப் பலகை சட்டத்தில் வெட்டின தவாளிப்புப் பள்ளத்துக்குள் தளர்வாகத்தான் நிற்கும், பசை போட்டிருக்க மாட்டார்கள். மாரியில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும், அந்த அசைவுக்கு இடம் விட்டுத்தான் பழைய தச்சர் செய்துவைத்தார். நம்முடைய கெட்டிக்காரர்கள் அதை 'லூஸ்' என்று கண்டுபிடித்து, சுற்றிவரப் பசை ஊற்றி, ஆணியும் அடித்து, இடைவெளியைப் புட்டிப் பசையால் அடைத்துவிட்டார்கள். ஆனி, ஆடிக் காற்றுக்கு அந்தப் பலகை எங்கே சுருங்கும்? நடுவால் வெடிக்கும். வெடித்த பிறகு, "பழைய மரம்தானே அக்கா" என்பார்கள்.

புட்டியைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்குக் கை நடுங்குகிறது. வலப்பக்கக் கதவில் செல் குண்டின் துண்டு ஒன்று துளைத்துப்போன ஓட்டை இருந்தது. வீட்டுச் சுவரைத் துளைத்து வந்தது. அதைத் தொடக் கூடாது என்று துண்டில் தனியாகக் கோடு போட்டு எழுதியிருந்தேன். அடைத்துவிட்டார்கள். அடைத்து, தேய்த்து, சாயம் பூசி, "எங்கை இருந்ததெண்டு கண்டுபிடியுங்கோ பாப்பம்" என்று எனக்கு விடுகதை வேறு.

பித்தளைக் கைபிடிகளையும் சாவித்துளைத் தகட்டையும் காணவில்லை. மினுங்குகிற புதுக் குமிழ்கள் பூட்டியிருக்கிறது. பழசு எங்கே என்றால் "அது கறள் பிடிச்சுக் கிடந்தது, எறிஞ்சாச்சு" என்கிறான். பித்தளை கறுக்கும், பச்சை பிடிக்கும், இரும்பு மாதிரிக் கறள் பிடிக்காது. எறிந்திருக்கவும் மாட்டார்கள், பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துப் போட்டிருப்பார்கள்.

ஒரு நியாயமும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தம்பிக்கு யார் சொல்லிக் கொடுத்தது? மொறட்டுவையிலிருந்து லொறியில் வருகிற புதுத் தளபாடத்தின் மினுக்கத்தைப் பார்த்துத்தான் இங்கே எல்லாரும் மரம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பழகிவிட்டோம். வாடிக்கையாளர் பத்துப் பேர் வந்தால் பத்துப் பேரும் "புதுசு மாதிரி ஆக்கித் தா" என்கிறார்கள். சுரண்டுதகட்டையும் அரக்குப் பொட்டலத்தையும் கையாளத் தெரிந்த பழைய தச்சர்கள் போய்விட்டார்கள், இருக்கிறவர்களையும் கூப்பிட ஆளில்லை. அதே கடை வாசலில் பழைய நீல எனமல் பூசின தொட்டில் ஒன்றைக் காயக் காயத் தேய்க்கிறார்கள். அந்தக் காலத்து எனமலில் ஈயம் இருக்கக்கூடும். தூள் பறக்கிறது, பக்கத்தில் பிள்ளை ஒன்று விளையாடுகிறது, தேய்க்கிறவனுக்கு மூக்கில் ஒரு துணிகூட இல்லை. என் கோபத்தை அவன் மேல் மட்டும் காட்டவும் மனம் வரவில்லை. ஆனால் நான் எழுதிக் கொடுத்த துண்டை வாசிக்க எந்தத் தொழிற்பயிற்சியும் தேவையில்லையே!

வீட்டில் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. வருகிறவர் எல்லாரும் தடவிப் பார்த்து "புதுசா வாங்கினதோ?" என்கிறார்கள். இவர் "நல்லாத்தானே கிடக்கு, விடு" என்கிறார். சித்தி வந்தா, சுற்றிச் சுற்றிப் பார்த்தா, கடை எது என்று கேட்டா. நான் கத்தின கத்தலெல்லாம் அவவின் காதில் ஏறவில்லை. நேற்றுத் தங்கச்சி சொல்லித்தான் தெரியும்: சித்தப்பாவின் சாய்மனைக் கதிரை, நீளக் கையும் பிரம்பு இருக்கையும், இன்னும் அரக்கு உரியாத முழு முதிரை, வெள்ளிக்கிழமை அதே கடைக்குப் போகிறதாம். போன் எடுத்தேன். "உனக்கு மட்டும் வடிவா இருக்க வேணுமோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டா.