பீரங்கி இல்லாத ஒரு தமிழ்க் கப்பல்

வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் ஒரு சோழர் கப்பல் வந்து இறங்கியிருக்கிறது. மேலே புலிக்கொடி, கீழே ‘கடாரம் கொண்டான்’. உற்றுப் பார்த்தால் கப்பலின் விலாவில் வரிசையாகப் பீரங்கித் துளைகள்! 1025இல் ராஜேந்திரனுக்கு யாரப்பா பீரங்கி கொடுத்தது? ஏதோ ஐரோப்பியக் கப்பல் படத்தில் கொடியை மட்டும் மாற்றிவிட்டார்கள். அந்தக் கடாரமான கெடாவின் ஜெராய் மலை கண்ணுக்குத் தெரிகிற பினாங்கில் இருந்துகொண்டு நாமே இதைப் பரப்பலாமா?

ராஜேந்திரனோடு எனக்குச் சண்டை இல்லை. அளவும் தேதியும் உள்ள கப்பலை விட்டுவிட்டு இதைப் பிடித்துத் தொங்குகிறோமே என்றுதான் எரிச்சல்.

அன்னபூரணி அம்மாள். 1930இல் யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் நம் மேத்திரிமார், அதாவது கப்பல் கட்டும் தச்சர்கள், கட்டிய பாய்க்கப்பல். 89 அடி நீளம், 19 அடி அகலம், இரண்டு பாய்மரம். பெரும்பாலும் வேப்பமரம், மாரியம்மன் கோயில் வாசலில் நிற்குமே, அதே வேம்பு. அந்த ஊர்க் கப்பல்கள் ரங்கூனுக்கும் கொச்சிக்கும் போய் அரிசி, ஓடு, மரம் ஏற்றி வந்த காலம் அது. அதற்குள் ஒரு சிறிய பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்திருந்த அமெரிக்கர் வில்லியம் ராபின்சன், கண்ணில் பட்ட அன்னபூரணியை விலைக்கு வாங்கி, தன் மனைவி பெயரை வைத்தார். ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’. காசு கொடுத்தவர் இஷ்டம், சரி.

கப்பலை அமெரிக்கா கொண்டுபோனவர்கள் மெக்குயிஷ் என்ற கேப்டனும் வல்வெட்டித்துறை மாலுமிகளும். செங்கடல், சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா. 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸில் குளோஸ்டர் துறைமுகம். வங்காள விரிகுடாவில் அரிசி ஏற்றப் பழகிய கைகள் அட்லாண்டிக்கில் பாய் இழுத்திருக்கின்றன. அந்த மாலுமிகளின் தலைவர், தண்டையல் தம்பிப்பிள்ளையின் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

“அது சிலோன்காரர்கள் கதை, நமக்கென்ன” என்று ஒரு நண்பர் சொன்னார். அப்படியானால் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் ரயில்வேயில் உழைத்த யாழ்ப்பாணத்தார் யாராம்? நம் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு ஏற்றி வந்த, நாம் உருகி உருகிப் பேசும் ‘ரஜூலா’ கப்பல்கூட கிளாஸ்கோவில் கட்டியதுதான். அதில் நாம் பயணிகள். அன்னபூரணியைக் கட்டியதும் தமிழன், ஓட்டியதும் தமிழன். எனக்கு இந்த வித்தியாசம் பெரிது.

பினாங்குத் துறைமுகத்திலும் தொங்காங்கு என்ற சரக்குப் படகுகளில் நம்மாட்கள் உழைத்தார்கள், தமிழ் முஸ்லிம்கள் நிறையப் பேர். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது அதில் வேலை பார்த்திருந்தால் பெயர், ஊர், என்ன சரக்கு ஏற்றினார் என்பதைக் கீழே எழுதுங்கள். பழைய படம் இருந்தால் பின்பக்கத்தையும் எடுத்துப் போடுங்கள், தேதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.