நெஞ்சுக்கு மாற்றலான கால் குழாய்

(பைபாஸ் முடிந்து வீடு திரும்பிய பெரியப்பா, கட்டிலில் சாய்ந்திருக்கிறார். எதிரே தம்பி மகள் கயல், மருத்துவமனையில் கொடுத்த காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள்.)

பெரியப்பா: நெஞ்சு வலி என்றுதானே போனேன்? காலையும் கிழித்துத் தைத்திருக்கிறார்களே! வேறு யாருடைய சீட்டையாவது பார்த்து அறுத்துவிட்டார்களா?

கயல்: உங்கள் சீட்டுதான் பெரியப்பா. மூன்று அடைப்பு. ஒவ்வொன்றையும் சுற்றி மாற்று வழி போட ஒரு குழாய் வேண்டும். ஒன்றுக்கு மார்பின் உள்பக்கம் ஓடும் தமனி, இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். மற்ற இரண்டுக்கும் காலிலிருந்து எடுத்த சிரை, இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்.

பெரியப்பா: காலில் சிவனே என்று இருந்தவனுக்கு நெஞ்சுக்கு மாற்றல் உத்தரவா? யாரைக் கேட்டு?

கயல்: கையெழுத்துப் போட்டதே நீங்கள்தான்.

பெரியப்பா: படித்துப் பார்த்தா போட்டேன்? சர்வீஸ் முழுக்க எந்தக் காகிதத்தை நான் படித்தேன்! சரி, குழாய் குழாய்தானே. எதுவானால் என்ன?

கயல்: அங்கேதான் விஷயம். இரண்டுக்கும் உள்ளே ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் உண்டு. எண்டோதீலியம். தமனியின் படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை நிறையச் சுரக்கும். அதனால் குழாய்ச் சுவரின் தசை தளரும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒட்டாது, ரத்தம் உறையாது. காலில் எடுத்த சிரையில் அந்தச் சுரப்பு குறைவு.

பெரியப்பா: பதவி ஒன்று, வேலை பாதி. தெரியாதா எனக்கு?

கயல்: 1980-இல் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி முயலின் பெருந்தமனித் துண்டில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை விட்டுப் பார்த்தார். தளர்ந்தது. உள்படலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி விட்டார். தளரவே இல்லை. தளரச் சொல்லும் செய்தி படலத்திலிருந்துதான் வருகிறது என்று அப்படித்தான் தெரிந்தது. 1998-இல் நோபல் பரிசு.

பெரியப்பா: முயலுக்கா?

கயல்: ஃபர்ச்காட்டுக்கு! கூடவே இன்னும் இருவருக்கு.

பெரியப்பா: முயலுக்கு ஒன்றும் இல்லை. உழைத்தவனுக்கு என்றைக்குப் பெயர் வந்திருக்கிறது!

கயல்: அதே சோதனையை மார்புத் தமனி, கால் சிரை இரண்டிலும் செய்து 1988-இல் ஒப்பிட்டார்கள். மார்புத் தமனி நன்றாகத் தளர்ந்தது. சிரை பேருக்குத் தளர்ந்தது.

பெரியப்பா: அப்படிப்பட்டவனையா என் நெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்?

கயல்: அவன் மேல் தப்பில்லை. படுத்திருக்கும்போது காலில் அவன் பார்த்த ரத்த அழுத்தம் சுமார் பத்து. இங்கே இதயத்துக்கு வந்ததும் 120. அந்த அடியில் படலம் சேதமாகும், சுவர் தடித்துப்போகும். பத்து வருஷத்தில் மார்புத் தமனி பத்துக்கு ஒன்பது திறந்தே இருக்கும் என்பார்கள். கால் சிரையில் பாதிக்குப் பாதி அடைபட்டுவிடலாம். அதனால்தான் தினமும் ஆஸ்பிரின்.

பெரியப்பா: பிறகு எதற்கு அவன்? எல்லாவற்றுக்கும் தமனியே போட்டிருக்கலாமே?

கயல்: சிரை நீளமானது, எடுப்பதும் சுலபம். காலில் வேலை பார்க்க வேறு சிரைகளும் இருக்கின்றன. ஆனால் உள்ளே வால்வு உண்டு, ரத்தத்தை ஒரு பக்கமாகத்தான் விடும். அதனால் தலைகீழாகத் திருப்பித் தைப்பார்கள்.

பெரியப்பா: மாற்றலும் கொடுத்துத் தலைகீழாகவும் நிறுத்திவிட்டார்களா? பாவம்டி அவன்!

கயல்: சிரை வர்க்கத்தையே மட்டமாக நினைக்காதீர்கள். கொசு கடித்தால் தடிக்கிறதே, அது மிகச் சின்ன சிரைகளின் படலம் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் சொன்னதைக் கேட்டு நீரைக் கசியவிடுவதால். கிருமி புகுந்தால் வெள்ளை அணுக்கள் வெளியே இறங்குவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். தமனிப் படலம் அவ்வளவு லேசில் கதவைத் திறக்காது.

பெரியப்பா: அப்படியானால் என் நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்ன மாத்திரை?

கயல்: அது நைட்ரோகிளிசரின். உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடாக மாறும். சொந்தச் சரக்கு குறைவு என்பதால் சிரைகள் அதை ஆவலாக வாங்கிக்கொள்ளும். சிரை விரிந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், சுமை இறங்கும்.

பெரியப்பா: நைட்ரோகிளிசரினா? டைனமைட்டில் போடுவார்களே, அதுவா?

கயல்: அதேதான். டைனமைட்டைக் கண்டுபிடித்த நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சு வலிக்கு மருத்துவர்கள் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

பெரியப்பா: (மாத்திரைப் புட்டியை மெதுவாகத் தள்ளி வைக்கிறார்) உன் பெரியம்மா இதைச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தாளே!

கயல்: வெடிக்காது. எழுந்திருங்கள், ஹாலில் நாலு நடை நடக்க வேண்டும். ரத்தம் வேகமாக ஓடி உரசினால் படலம் இன்னும் நிறைய நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும்.

பெரியப்பா: உரசினால் போதுமா? அப்படியானால் உட்கார்ந்த இடத்திலேயே உன் பெரியம்மாவோடு ஒரு சண்டை போட்டுக்கொள்கிறேன். ரத்தம் பிய்த்துக்கொண்டு ஓடும்.

கயல்: அதில் அழுத்தமும் சேர்ந்து ஏறும்.

பெரியப்பா: யாருக்கு?

கயல்: உங்களுக்குத்தான். பெரியம்மாவுக்கு ஒன்றும் ஆகாது.