ஆபரேஷன் இலவசம், சரி. கேபிள் அறுந்தால் யாரைக் கேட்பது?

காது கேட்காத பிள்ளைகளுக்கு உள்ளே கருவி வைக்கும் காக்ளியர் ஆபரேஷனையே இலவசமாகச் செய்கிறார்களே, இன்னும் என்ன குறை என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் செலவாகும் கருவியைப் பொருத்திவிடுகிறார்கள், அதற்கு ஆயுசுக்கும் நன்றி சொல்வேன். ஆனால் உள்ளே வைத்த கருவி தனியாக ஒன்றும் செய்யாது. காதில் மாட்டும் பிராசசர், தலையில் காந்தத்தால் ஒட்டி உள்ளே சிக்னல் அனுப்பும் 'காயில்' என்ற வட்டத் துண்டு, இரண்டையும் இணைக்கும் மெல்லிசான கேபிள், பேட்டரி, இதில் எது போனாலும் என் மகளுக்கு எதுவுமே கேட்காது.

அந்தக் கேபிள் காயிலை ஒட்டி வளையும் இடத்தில்தான் போகும். வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும், சத்தம் மட்டும் விட்டு விட்டு வரும். சின்னப் பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியுமா? பிடுங்கி எறிவாள். அங்கன்வாடியில் "பாப்பா மாட்டவே மாட்டேங்குது, ரொம்ப அடம்" என்கிறார்கள். அடமில்லைங்க, அவளுக்குக் கேட்கவில்லை!

கம்பெனிக்குப் போன் போட்டால் கேபிள் வாரண்டியில் வராது, முதலில் பணம் கட்டுங்கள், ஸ்டாக் வந்ததும் அனுப்புகிறோம் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். அரசு அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுங்கம்மா என்கிறார்கள். "மூளை மொழியைப் பிடிக்கிற வயசு, ஒரு நாளைக்கூட வீணாக்காதீங்க" என்று ஆபரேஷனுக்கு முன்னால் எங்களை அவ்வளவு அவசரப்படுத்தினார்களே, அந்த வயசு இந்தக் கேபிள் வரும்வரை நின்று காத்திருக்குமா?

மேப்பிங், அதாவது கருவியின் சத்த அளவைப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி வைப்பது, அந்தக் கதை வேறு. உள்ளே காது நரம்பைத் தூண்டும் ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எவ்வளவு சத்தம் தாங்கும் என்று குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். வெளியே அத்தனை பேர் வரிசையில் நிற்க, உள்ளே இதைச் செய்யும் கேட்புத்திறன் நிபுணர், அதாவது ஆடியாலஜிஸ்ட், ஒரே ஒருவர், அவரும் என்னதான் செய்வார், பாவம். பிள்ளை அழுதால் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி அடுத்த தேதி. அந்தத் தேதிக்காக இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு, விடிவதற்குள் பஸ் ஏற வேண்டும்.

இத்தனை லட்சம் போட்டுக் கருவி வைத்தவர்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் கொஞ்சம் கேபிளும் காயிலும் வாங்கி வைக்க முடியாதா? பிராசசர் ரிப்பேருக்குப் போனால் அது திரும்பி வரும்வரை மாட்டிக்கொள்ள மாற்றுக் கருவி ஒன்று கொடுக்க முடியாதா? நாளைக்கும் போன் போடுவேன். எடுக்கவில்லை என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே வந்து உட்காருவேன்.