ஆன்சாக் பிஸ்கட்டும் கலிப்போலியும்
முதல் உலகப்போரில் துருக்கியின் கலிப்போலி போர்முனையில் ஆன்சாக் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை) வீரர்கள் சாப்பிட்டது இன்று ஓட்ஸ் போட்டுச் செய்யும் இதே ஆன்சாக் பிஸ்கட்தான் என்று, அதன் செய்முறையைத் தரும் கட்டுரை ஒன்று சொல்வதை ஏற்க முடியவில்லை. 1915-இல் அவர்களுக்கு ரேஷனில் கிடைத்தது மாவும் தண்ணீரும் சேர்த்துச் சுட்ட, கல் மாதிரியான பிஸ்கட். பல் உடைந்துவிடும் என்று பயந்து, நொறுக்கித் தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சியாகக் குடித்திருக்கிறார்கள். சிலர் அதன் மேலேயே கடிதம் எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படிப்பட்ட பிஸ்கட்டுகள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இன்னும் இருக்கின்றன. இன்று ஆன்சாக் பிஸ்கட் என்று சொல்லும் ஓட்ஸ் பிஸ்கட் வேறு. அதைப் பெண்கள் வீட்டில் சுட்டு, பெரும்பாலும் உள்ளூரிலேயே போர் நிதிக்காக விற்றார்கள். இந்த ஓட்ஸ் பிஸ்கட் மாவு முட்டை இல்லாமல் எப்படிச் சேரும் என்று கட்டுரையின் கீழே ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். கோல்டன் சிரப்தான் (சர்க்கரையில் செய்த கெட்டியான பாகு) பிடித்துக்கொள்கிறது. உருக்கிய வெண்ணெயிலும் சிரப்பிலும் வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவை ஊற்றினால் குபுகுபுவென்று நுரைத்துப் பொங்கும். அந்த நுரை அடங்குவதற்குள் ஓட்ஸும் மாவும் இருக்கிற பாத்திரத்தில் கொட்டிக் கிளறிவிட வேண்டும். நான் செய்யும்போது பெரிய பாத்திரம்தான் எடுப்பேன், சின்னதில் வழிந்துவிடும். அடுப்பிலிருந்து எடுத்ததும் மெத்தென்று இருக்கும், வேகவில்லை என்று நினைத்துத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள், ஆற ஆறத்தான் மொறுமொறுப்பு வரும். அப்புறம், கட்டுரையின் செய்முறையில் இருக்கும் தேங்காய்த்துருவல் ஆரம்பகாலக் குறிப்புகளில் கிடையாது. அது போருக்குப் பிறகு சேர்ந்தது.