பெத்த புள்ளையைப் பார்க்கக் கூலியா?

போன வாரம் ராயபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. அமெரிக்காவில் பல மாநிலங்களில், வளர்ந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கும் பெற்றோருக்கு மெடிகெய்டு என்கிற அரசுத் திட்டத்தில் சம்பளம் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து இலைக்காரர், "பெத்த புள்ளையைப் பார்க்கக் கூலியா? கலிகாலம்" என்றார். பந்தியில் எதற்குச் சண்டை என்று ரசத்தை வாங்கிக்கொண்டேன். இங்கே சொல்கிறேன்.

என் மகனுக்கு 27 வயது. மூளை முடக்குவாதம். 58 கிலோ. தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பல் தேய்த்து, குளிப்பாட்டி, ஊட்டி, கழுவி, ராத்திரி இரண்டு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விட்டால் படுக்கைப்புண். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தேன். அவன் 40 கிலோவைத் தாண்டியதும் மாமியாரால் தூக்க முடியவில்லை, என் வேலை போச்சு.

எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது ஆள் வைத்தோம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 900 ரூபாய். அதே புரட்டல், அதே துடைப்பு. அந்தம்மா கூலி வாங்கியதை யாரும் கலிகாலம் என்று சொல்லவில்லை.

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவிலேயே, அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்று இருக்கிறது. அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற வாலும் இருக்கிறது. கேரளாவில் ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதம் 600 ரூபாய். இங்கே இவன் பேரில் வரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து 2,000. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டயப்பருக்கே பத்தவில்லை.

ஆனால் சம்பளம் என்று ஒன்று வந்தால் அதை என் கையில் தர வேண்டாம். அவன் பேரில் வரட்டும். யாரை வைப்பது என்று அவன் சொல்லட்டும். அவன் பேச்சு மூன்று பேருக்குத்தான் புரியும், ஆனால் புரியும். நான் குளிப்பாட்டும்போது கண்ணை மூடிக்கொள்வான். சோப்பு எரிகிறது என்று நினைத்துக் குழந்தை சோப்பெல்லாம் வாங்கினேன். வெட்கம் என்று எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது.

போன மாதம் கீழ்வீட்டுப் பையன் வந்து ஷேவ் செய்து குளிப்பாட்டினான். உள்ளே ஒரே சிரிப்பு. 200 ரூபாய் நீட்டினேன். "வேணாம் ஆன்ட்டி" என்றான், அப்புறம் வாங்கிக்கொண்டான். அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கு வரட்டுமா என்று கேட்டது என் மகனிடம்தான்.